எண்பதுல உக்காந்திருக்கறது யாரு

அந்தம்மாதான் பண்ணுச்சு. சார்கிட்ட அப்படித்தான் சொன்னேன், சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல, நேத்து சாயங்காலம் சர்வர ரீஸ்டார்ட் போட்டது அந்தம்மா கைதான், என் கை இல்ல. ஒம்பது நாப்பத்திரண்டுக்கு சொக்கலிங்கம் சார் கண்ணாடி ரூம் கதவத் தொறந்து தலைய மட்டும் நீட்டி, "அரசு, பஸ் சைட்டு என்னய்யா ஆச்சு, அந்த பஸ்காரன் போன்ல தாண்டிக் குதிக்கறான்"ன்னு கேட்டப்ப, நான் ஸ்கிரீன்லேர்ந்து கண்ண எடுக்காமயே, "பிலோமினா மேடம் நேத்து ரீஸ்டார்ட் பண்ணிட்டாங்க சார், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம"ன்னு சொன்னேன். சரி, அந்தக் கடைசித் துண்டு. அதப் பத்தி அப்பறம் யோசிக்கலாம், இப்ப நேரம் இல்ல. நாங்க சைட்டு நடத்திக் குடுக்கற பஸ் கம்பெனிக்கு பத்து மணிக்கு தீபாவளி புக்கிங் தொறக்கணும். சென்னையிலயும் ஓசூர்லயும் பெங்களூர்லயும் சனம் போனக் கையில வெச்சுக்கிட்டு கட்டைவிரலத் தூக்கிப் புடிச்சு உக்காந்திருக்கும், தொறந்த நாலாவது நிமிஷம் ஊருக்குப் போற ஜன்னல் சீட்டெல்லாம் காலின்னு அதுங்களுக்குத் தெரியும். அதுல பாதிப் பேருக்கு இப்ப ஒண்ணுமே வரல. மீதிப் பேருக்கு ஒரு வெள்ளைப் பக்கம் வருது, மேல கொட்டை எழுத்துல 'இட் வொர்க்ஸ்'. வேலை செய்யுதாம். உள்ள ஒரு சரக்கும் இல்லாத சர்வர் தன்னைப் பத்தித் தானே பீத்திக்கறதுக்குன்னு எவனோ எழுதி வெச்ச பக்கம் அது.

சைட்ட எடுத்துக் காட்டற சாப்ட்வேர், என்ஜினெக்ஸ், அத எழுப்பினேன், எழுந்திரிக்கல. மறுபடி எழுப்பினேன். அதே செவப்பு வரி: எண்பதாம் நம்பர் போர்ட்ட ஏற்கெனவே வேற எவனோ வெச்சிருக்கான். மூணாவது தடவ எழுப்பினேன், ஏதோ மூணாவது தடவ கேட்டா அதுக்கு மனசு எரங்கிடும்ங்கற மாதிரி. இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, அந்தம்மா மாதிரி போர்டுல படம் போட்டு விளக்கவும் வேண்டாம். மும்பைப் பக்கம் எங்கயோ குளிரூட்டின ரூம்ல ஒரு பெரிய மெஷினு, அதுல நமக்குன்னு அறுத்து வாடகைக்கு விட்ட ஒரு பங்கு, விபிஎஸ்னு பேரு. அதுக்குள்ள வர்ற வாசலுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கும், சைட்டத் தேடி வர்றவன் எண்பதுலதான் வந்து தட்டுவான், அங்க உக்காந்து பதில் சொல்றதுதான் என்ஜினெக்ஸோட வேலை. எண்பதுல ஒரு நேரத்துல ஒருத்தன்தான் உக்காரலாம். டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்ட எறிஞ்சு சீட்டுப் புடிக்கற கதைதான், முன்னாடி எறிஞ்சவன் எறிஞ்சதுதான். துண்டு யாரோடதுன்னு கேக்கறதுக்கு ரெண்டெழுத்துல ஒரு கமாண்டு இருக்கு, எஸ் எஸ், பின்னாடி ஒரு கோடு போட்டு நாலு எழுத்து. ஏழு வருஷமா தூக்கத்துலகூட அடிப்பேன். இப்ப அடிக்கல. அதுக்குப் பதிலா என்ஜினெக்ஸோட கான்பிக் ஃபைலத் தொறந்து மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சேன், நானே எழுதினது, அதுல ஒரு குத்தமும் இல்ல, இருக்காதுன்னும் தெரியும், இருந்தாலும் படிச்சேன். சோதிச்சுப் பாருன்னேன், எல்லாம் சரின்னுச்சு. சரியா இருந்தா ஏண்டா எழுந்திரிக்க மாட்டேங்கற. கீழ மொபைல் கடையில எவனோ ரிங்டோன் ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறான், ஒண்ணையும் முழுசா ஓட விட மாட்டேங்கறான். எறங்கிப் போய் அந்தப் போனப் புடுங்கி காவேரியில எறியணும்போல இருக்கு.

எனக்குத் தெரியும். அந்த வெள்ளைப் பக்கம் யாரோட பக்கம்னு சர்வர் வேலை பாக்கற எவனுக்கும் தெரியும், அது அப்பாச்சியோட மூஞ்சி. பழைய ஆளு. போன பங்குனி வரைக்கும் இந்தச் சர்வர்ல எண்பதுல உக்காந்திருந்தது அதுதான். கூட்டம் தாங்கல, பொங்கலுக்கு ரெண்டு தடவ படுத்துருச்சுன்னு நான்தான் அத எறக்கிட்டு என்ஜினெக்ஸ ஏத்தினேன், சார்கிட்ட நல்ல பேரும் வாங்கினேன், "அரசு இல்லன்னா இந்த ஆபீஸ் இல்லய்யா"ன்னு பஸ்காரர் முன்னாடியே சொன்னார். அன்னிக்கு வியாழக்கிழமை. மத்தியானம் ஒண்ணரை. பழைய ஆள எறக்கறதுக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, இப்ப நிறுத்து. ரெண்டு, இனிமே மெஷின் எப்ப எழுந்திரிச்சாலும் நீ எழுந்திரிக்காதன்னு சொல்லி வை. மொதல்ல சொன்னதச் செஞ்சேன். ரெண்டாவது ஒரே வரி, பத்து செகண்டு. அதுக்குள்ள பரோட்டா பார்சல் வந்துருச்சு, சால்னா கவரு ஓட்டை, என் கீபோர்டு பக்கத்துல ஒழுவுது, நான் எழுந்திரிச்சுத் துணியத் தேடி, தொடச்சு, ஆறிப்போறதுக்குள்ள தின்னுட்டு, வந்து உக்காந்தா என்ஜினெக்ஸ் ஜோரா ஓடிக்கிட்டு இருக்கு, சைட்டு பறக்குது, எல்லாம் முடிஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு. முடியல. நிறுத்தி மட்டும்தான் வெச்சிருந்தேன். ஏழு மாசமா மெஷின ஒரு தடவகூட யாரும் ரீஸ்டார்ட் பண்ணாததால அந்தாளு தூங்கிக்கிட்டு இருந்தான். நேத்து மெஷின் எழுந்திரிச்சப்ப அவனும் எழுந்திரிச்சு, என்ஜினெக்ஸுக்கு ஒரு கண்ணிமைப்பு முன்னாடி போய் உக்காந்துட்டான். இவ்வளவுதான் விஷயம். எஸ் எஸ் அடிச்சாத்தான் நிச்சயம், அடிக்காத வரைக்கும் வேற எதுவா வேணாலும் இருக்கலாம். அடிக்காத வரைக்கும் இது அந்தம்மா பண்ணது.

ரீஸ்டார்ட் பண்ணா இப்படி ஆகுற சர்வர ரீஸ்டார்ட் பண்ணது தப்புதானே. யார் பண்ணச் சொன்னா. பாதுகாப்பு அப்டேட்டு வந்திருக்குன்னு நச்சு நச்சுன்னு அந்தம்மாதான் ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருந்துச்சு, சொல்லாம இருக்க முடியாது அதுக்கு. நாப்பத்தேழு வயசு. பத்தொம்பது வருஷம் பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் வாத்தியாரு, பாலிடெக்னிக்க இழுத்து மூடினதும் நேரா இங்க வந்து என் தலையில உக்காந்துச்சு. நான் டிப்ளமோ, அதுவும் ரெண்டு அரியர் இன்னும் பாக்கி, அது சார் தவிர யாருக்கும் தெரியாது. அந்தம்மா எம்.எஸ்.ஸி. என்னை விடப் பன்னெண்டு வயசு பெருசு, வந்த மொத நாளே "குட் மார்னிங் சார்"ன்னுச்சு. அந்த சார்ங்கறது இருக்கே, எனக்கு உள்ள எங்கயோ சுருக்குன்னு குத்துச்சு, நக்கலான்னு பாத்தேன், மூஞ்சியில நக்கல் இல்ல, நக்கலா இருந்திருந்தாகூடப் பரவால்ல. மொத வாரம் நான் சர்வருக்குள்ள நொழைஞ்சு காட்டினப்ப கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, "இத்தன வருஷம் போர்டுல படமாத்தான் சார் வரைஞ்சு காமிச்சேன், நிஜமா ஓடறத இப்பத்தான் பாக்கறேன்"னு சொல்லுச்சு. கண்ணு தளும்பிருச்சு. ஒரு கறுப்பு ஸ்கிரீன், அதுல நாலு வரி, அதப் பாத்துக் கண் கலங்கற பொம்பளைய நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அன்னிக்கு ராத்திரி வீட்டுல சொல்லிச் சிரிச்சேன், வனஜா சிரிக்கல, "பாவம்ங்க"ன்னா. என்ன பாவம். தொட்டதுக்கெல்லாம் ஏன்னு ஒரு கேள்வி. இத ஏன் சார் இப்படி வெச்சிருக்கீங்க, அது ஏன் சார் அங்க இருக்கு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல. நெட்ல எவனோ போட்டிருந்தான், காப்பியடிச்சுப் போட்டேன், ஓடுது. ஓடுறத ஏன் ஓடுதுன்னு கேக்கற பழக்கம் இந்த ஆபீஸ்ல யாருக்கும் இருந்ததில்ல, அந்தம்மா வர்ற வரைக்கும்.

ஆடி மாசம். அத நெனைக்க வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டு இருந்தேன், கால் தானாப் போய் அதுலதான் இடிக்குது. ஆடி பதினெட்டு லீவுக்கு மறுநாள், நான் போன்ல பேசிக்கிட்டு இருக்கறப்ப பின்னாடி வந்து நின்னு, நான் பேசி முடிக்கற வரைக்கும் காத்திருந்து, "சார், அப்பாச்சிய நிறுத்தி வெச்சிருக்கீங்க, ஆனா மெஷின் எழுந்திரிச்சா அதுவும் எழுந்திரிக்கற மாதிரியே இருக்கு, எடுத்து விட்டுடவா"ன்னு கேட்டுச்சு. ஏழு மாசமா, இல்ல அப்ப நாலு மாசம், நாலு மாசமா என் கண்ணுக்குத் தெரியாதது வந்து மூணு மாசம் ஆன ஒரு அம்மா கண்ணுக்குத் தெரியுது. ஆமா மேடம், விட்டுப்போச்சு, எடுத்துடுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. வாய் வரைக்கும் வந்துச்சு. "பாத்துப் பாத்துச் செஞ்ச சர்வர் மேடம் அது, காரணத்தோடதான் வெச்சிருக்கேன், கைய வைக்காதீங்க"ன்னு சொன்னேன். காரணம். என்ன காரணம், பரோட்டா. அந்தம்மா சரி சார்ன்னு போய் அதோட நோட்டுல எழுதிக்கிச்சு, கோடு போட்ட நோட்டு, தேதி நேரம் எல்லாம் போட்டு எழுதும், ஸ்கூல் புள்ள மாதிரி. அப்பறம் நானே ராத்திரி வீட்டுலேர்ந்து நொழைஞ்சு எடுத்து விட்டுடலாம்னு நெனைச்சேன். எடுத்து விட்டா மறுநாள் அந்தம்மா பாக்கும். பாத்தா தெரிஞ்சுடும், நான் சொன்னது சும்மான்னு. அதனால எடுக்கல. அத அப்படியே வெச்சேன். தப்புன்னு தெரிஞ்சு, அந்தம்மா கண்ணுக்குச் சரியாத் தெரியணும்னு வெச்சேன். இது எந்த ஊர் நியாயம்னு எனக்கே தெரியல.

கண்ணாடி ரூமுக்குள்ள போயிருக்கு அந்தம்மா. சார் கூப்பிட்டார், கையில நோட்டோட போச்சு. சத்தம் வெளிய வராது, சார் வாய் மட்டும் அசையுது, அந்தம்மாவோட முதுகு தெரியுது, நேரா நிக்குது, உக்காரச் சொல்லல போல. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மாசக் கடைசி வெள்ளி. எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம், ஆறு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்றவங்களுக்கு கடைசி வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுத்தான் லெட்டர் குடுப்பார் சார். பூஜை முடிஞ்சுருச்சு, சாம்பிராணி வாசம் இன்னும் ஏசியில சுத்திக்கிட்டு இருக்கு. லெட்டர் டைப் பண்ணி சார் டேபிள்ல இருக்கு, காலைல நானே பாத்தேன், பிலோமினா அந்தோணிசாமின்னு பேரு போட்டு, மேல குங்குமம்கூட வெச்சிருந்தார். பஸ்காரர் போன் பண்ணலன்னா இந்நேரம் அது அந்தம்மா கையில இருக்கும். நான் அந்த ஒரு துண்டச் சேக்கலன்னாலும் இருக்கும். கேக்காமன்னு நான் ஏன் சேத்தேன். கேட்டுச்சு. அஞ்சு பத்துக்கு, நான் மாடி வராந்தாவுல டீயும் பட்டர் பிஸ்கட்டுமா நின்னுக்கிட்டு இருக்கறப்ப வந்து, "சார், நாளைக்குக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்த அப்டேட்டப் போட்டு இன்னிக்கே ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிடவா, எதாவதுன்னா இன்னிக்கே தெரிஞ்சுடும்"ன்னு கேட்டுச்சு. நல்ல யோசனைதான். நல்ல யோசனையா இருந்ததாலதான் எரிச்சல் வந்துச்சு. "போடுங்க மேடம், எனக்கென்ன"ன்னேன். பிஸ்கட் டீக்குள்ள விழுந்துருச்சு, அதத் தேடிக்கிட்டு இருந்தேன். ரீஸ்டார்ட் போட்டுட்டு அந்தம்மா வந்து, "பஸ் சைட்டு வரல சார், பாக்கறீங்களா"ன்னு கேட்டப்ப நான் வண்டிச் சாவிய எடுத்துட்டேன், "எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் மேடம், கிளம்புங்க"ன்னேன். கிளம்புச்சு. நானும் கிளம்பிட்டேன். அத்தனை நேரமும் அந்த வெள்ளைப் பக்கம் உலகத்துக்கே தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. தீபாவளி புக்கிங்குக்காக நேத்து மத்தியானமே டிக்கெட் விக்கறத நிறுத்தி வெச்சிருந்ததால காலைல வரைக்கும் யாரும் போன் பண்ணல.

ஒம்பது அம்பத்தாறு. அடிச்சேன், எஸ் எஸ். எண்பது, அதுக்கு நேரா அப்பாச்சி, அதுக்குக் கீழ ஆறு நம்பரு, ஒவ்வொண்ணும் அது பெத்து வேலைக்கு விட்ட ஒரு குட்டி. சந்தோசமா இப்ப. மூணு வரியில சரி பண்ணலாம், நிறுத்து, இனி வராத, அப்பறம் என்ஜினெக்ஸ எழுப்பு. ஆனா அந்த ரெண்டாவது வரி, இனி வராதங்கறது, அத அடிச்சா, அடிச்ச வரியெல்லாம் சேத்து வெக்கற ஹிஸ்டரியில பதிஞ்சு நிக்கும், இவ்வளவு நாளா அத யாரும் அடிக்கலன்னு அது சாட்சி சொல்லும். இந்த ஆபீஸ்ல எல்லாரும் நொழையறது ரூட்டுங்கற ஒரே பேர்ல, ஒரே பாஸ்வேர்டுல, எவன் எதச் செஞ்சான்னு பேரு தெரியாது, அதுதான் வசதி, ஆனா நான் இன்னிக்கு அடிக்கற வரிய நாளைக்கு அந்தம்மா பாத்துடும், பாத்தா ஒண்ணும் சொல்லாது, நோட்டுல எழுதும். அதனால நிறுத்துன்னு சொல்லாம, அந்த ஆறு நம்பர்ல ஒண்ண எடுத்துக் கொன்னேன். செத்துச்சு. அடுத்த நொடி வேற நம்பர்ல இன்னொண்ணு வந்து உக்காந்துச்சு. அதையும் கொன்னேன், அதுக்கும் மாத்து வந்துச்சு. பெத்தது மேல இருக்கறப்ப புள்ளைங்கள வெட்டி என்ன பிரயோஜனம், எனக்குத் தெரியாததா, தெரிஞ்சே நாலஞ்சு தடவ வெட்டினேன். பல்லக் கடிச்சுக்கிட்டு வெட்டினேன். யார வெட்டறேன்னு தெரியாம வெட்டினேன், அந்தம்மாவயா, பஸ்காரனயா, கீழ ரிங்டோன் போடறவனயா, பங்குனி மாசம் பரோட்டா தின்னவனயா. மணி பத்தாயிடுச்சு. சாருக்குப் போன் வருது, கண்ணாடிக்குப் பின்னாடி அவர் அத எடுத்துக் காதுல வெக்காம கையில புடிச்சிக்கிட்டே என்னைப் பாத்தார். பத்து ஒண்ணு. பத்து ரெண்டு. மூணு வரியும் அடிச்சேன். நிறுத்து, இனி வராத, எழுந்திரு. பச்சை. நாப்பது செகண்டு ஆகல. என் போன்ல சைட்டத் தொறந்தேன், பஸ் படம், தீபாவளி விளக்கு, சீட்டு வரைபடம், கண்ணு முன்னாடியே கட்டம் கட்டமா நெறம் மாறுது, சனம் புடிச்சுக்கிட்டு இருக்கு. நான் சார் பக்கம் கட்டைவிரலத் தூக்கிக் காட்டினேன்.

கைய ஆட்டிக் கூப்பிட்டார். உள்ள போனேன். சாருக்கு மூஞ்சி எறங்கிருச்சு, கோவம் போயி அசதி வந்துருச்சு, இதுதான் நல்ல நேரம், இப்ப சொன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுருவார்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருந்தான். "என்னய்யா அது"ன்னார். "ஒரு சின்ன கான்ஃப்ளிக்ட் சார், சரி பண்ணிட்டேன்." அந்தம்மா என் பக்கம் திரும்புச்சு. கண்ணு செவந்திருந்துச்சு, ஆனா குரல் கிளாஸ் எடுக்கற குரல்தான். "எண்பதுல அப்பாச்சியா சார்?" ஆமான்னு ரெண்டெழுத்து, அதச் சொன்னாப் போதும். "இல்ல மேடம், அது வேற"ன்னேன். சார், "அப்பாச்சின்னா பைக்குதானய்யா"ன்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். அந்தம்மா நோட்டப் பிரிச்சு சார் பக்கம் திருப்புச்சு. "நேத்து அஞ்சு பத்துக்கு அரசு சார்கிட்ட கேட்டேன் சார், போடுங்கன்னார், எழுதி வெச்சிருக்கேன். ஆடி மாசம் சொன்னதும் எழுதியிருக்கு." சார் அந்த நோட்டத் தொடக்கூட இல்ல. "நோட்டுல நீங்க எது வேணாலும் எழுதிக்கலாம் மேடம்"ன்னுட்டு என்னைப் பாத்தார். "கேட்டாங்களாய்யா உன்கிட்ட?"

ரூம்ல சாமி படத்துக்கு மேல சின்ன பல்பு மினுக்குன்னு எரியுது. லெட்டர் டேபிள்ல குப்புறக் கெடக்குது, குங்குமம் பட்ட பக்கம் அடியில. அந்தம்மா, "டீ குடிச்சிட்டு இருந்தீங்க சார், பிஸ்கட் விழுந்துருச்சு"ன்னு மெதுவா சொல்லுச்சு, எனக்கு ஞாபகப்படுத்தறதுக்காகச் சொல்லுச்சு, நான் நெஜமாவே மறந்திருப்பேன்னு நம்பிச் சொல்லுச்சு, அதுதான் என்னால தாங்க முடியல. என்னைப் பொய்யன்னு திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி, கத்துற வேகத்துல உண்மை வெளிய வந்து விழுந்திருக்கும். ஒரு திட்டு திட்டேன்மா. நாப்பத்தேழு வயசுக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடவா தெரியாது. ஆமா கேட்டாங்கன்னு சொல்லிட்டா, அப்பறம் ஏன் கேக்காமன்னு சொன்னன்னு வரும், அப்பறம் ஆடி மாசம் வரும், அப்பறம் பங்குனி, அப்பறம் ஏழு வருஷமா இவனுக்கு என்னதான் தெரியும்னு வரும். அந்தம்மா கையில லெட்டர், என் எடத்துல அந்தம்மா. தலைக்குள்ள அது வரிசையா ஓடி முடிஞ்சுருச்சு. "ஞாபகம் இல்ல சார்"ன்னு என் வாய் சொல்லுச்சு. பொய் சொல்றதவிட அது கேவலம்னு சொல்லும்போதே தெரிஞ்சுது.

சார் பெருமூச்சு விட்டார். சத்தம்கூடப் போடல. "நீங்க நல்ல மாதிரி மேடம், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. காலேஜுல சொல்லிக் குடுக்கறது வேற, இது வேற. இப்ப கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, நான் கூப்பிடறேன்"ன்னார். நான் கூப்பிடறேன்னு அவர் சொல்லி இதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதில்ல, அந்தம்மாவுக்கு அது தெரியாது, இல்ல தெரிஞ்சிருக்கும். அந்தம்மா என்னைப் பாத்து, நோட்ட மூடிடுச்சு. வெளிய போன அப்பறம் சார் என்கிட்ட, "அந்தப் பாஸ்வேர்டு இனிமே உன்கிட்ட மட்டும் இருக்கட்டும்ய்யா, இப்பவே மாத்திடு"ன்னார். சரி சார்ன்னு வந்து உக்காந்தேன். பஸ்காரர் போன்ல சார் சிரிக்கறது கண்ணாடி வழியாத் தெரியுது, இந்நேரத்துக்கு மொத பத்து பஸ் ரொம்பிருக்கும். பாஸ்வேர்ட மாத்துன்னு அடிச்சேன். புதுசச் சொல்லுன்னுச்சு, சொன்னேன். இன்னொரு தடவ அதையே சொல்லுன்னுச்சு, விரல் மாறிப்போச்சு, ரெண்டும் ஒத்துப்போகலன்னுச்சு. மறுபடி மொதல்லேர்ந்து. ரெண்டாவது தடவ ஒத்துக்கிச்சு.

அந்தம்மா டிபன் டப்பாவையும் தண்ணி பாட்டிலையும் துணிப்பைக்குள்ள வெச்சு, மேஜை மேல இருந்த தூச கையாலயே தொடச்சுட்டு, நாற்காலிய உள்ள தள்ளி விட்டுச்சு. நேராப் போயிடும்னு நெனைச்சேன், போயிடணும்னு வேண்டிக்கிட்டேன், ஸ்கிரீன்ல இல்லாத ஒண்ணப் படிச்சுக்கிட்டு இருந்தேன். என் பக்கத்துல வந்து நின்னுச்சு. நேத்து வரைக்கும் இப்படி வந்து நின்னா என்ன மேடம்னு எரிஞ்சு விழுவேன். "சார், ஞாயித்துக்கிழமை பஸ் சைட்டோட சர்ட்டிபிகேட் முடியுது, புதுப்பிக்கலன்னா சைட்டுக்கு வர்றவங்கள பிரவுசரே ஆபத்துன்னு சொல்லித் தடுத்துடும். அதப் புதுப்பிக்கறதும் எண்பதத்தான் கேக்கும், என்ஜினெக்ஸ் அங்க இருக்கற வரைக்கும் நடக்காது. ஒரு நிமிஷம் நிறுத்தி, புதுப்பிச்சுட்டு, மறுபடி எழுப்பணும். நான் சர்ச்சுல காலைப் பூசை முடிச்சுட்டு வந்து பண்ணிடலாம்னு இருந்தேன். உங்களுக்கு அது தெரியும்தானே?" தெரியாது. அப்படி ஒண்ணு முடியப்போகுதுன்னே எனக்குத் தெரியாது, இவ்வளவு நாளா அது எப்படிப் புதுப்பிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னும் தெரியாது. "தெரியும் மேடம்"ன்னேன். அப்பறம் படியில எறங்கற செருப்புச் சத்தம், மெதுவா, ஒவ்வொரு படியா, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு எறங்கற ஆளோட சத்தம். ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குன்னுகூட நான் கேக்கல.